மூன்றாவது வேலையும் போன பிறகு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மாற்றுத்திறனாளிகளின் வேலை பற்றிப் பெங்களூருவிலிருந்து இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வேலை கிடைக்காததைப் பற்றியவை அல்ல; கிடைத்த வேலை ஏன் கையில் நிற்கவில்லை என்பதைப் பற்றியவை. ஆகவே ஐந்து கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அவற்றுள் சிலவற்றுக்குச் சற்று விரிவாகவே பதில் எழுதியிருக்கிறேன். எழுதியவர்களின் பெயர்களை வழக்கம்போல் நீக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் மகனுக்கு 24 வயது. அறிவுசார் குறைபாடு உள்ளவன். எண்ணத் தெரியும், எழுத்துக் கூட்டிப் படிப்பான், தமிழும் கன்னடமும் பேசுவான். சிறப்புப் பள்ளியை முடித்த பின் மூன்று இடங்களில் வேலைக்குச் சேர்ந்தான். கடைசியாக ஒரு பல்பொருள் அங்காடியில் சரக்கு அடுக்கும் வேலை. இரண்டு மாதம்கூட முடியவில்லை. "நல்ல பையன்தான், ஆனால் இங்கே சரிப்படாது" என்று அனுப்பிவிட்டார்கள். இனி வீட்டிலேயே இருக்கட்டும் என்கிறார் என் கணவர். நான் என்ன செய்வது?
(ஒரு தாய், லிங்கராஜபுரம்)

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் இல்லாத ஒரு செய்திதான் எனக்கு முதலில் தேவைப்படுகிறது. அந்த இரண்டு மாதத்தில் எந்த நாளில், எந்த வேலையில், எது தவறியது? "சரிப்படாது" என்பது காரணம் அன்று; காரணத்தைச் சொல்லச் சங்கடப்படுகிறவர் சொல்லும் சொல். நீங்களோ உறவினர் ஒருவரோ அந்தக் கடைக்கு மறுபடி சென்று, மேலாளரிடம் அல்ல, உங்கள் மகனோடு அன்றாடம் நின்று வேலை பார்த்த சூப்பர்வைசரிடம், வேலையைத் திரும்பக் கேட்க வரவில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டு, இதைக் கேட்க வேண்டும். இப்படிக் கேட்டபோது நான் பெற்ற பதில்கள் பெரும்பாலும் வியப்பூட்டும் அளவுக்குச் சிறியவை. சாப்பாட்டு இடைவேளை முடிந்ததை உணராமல் ஓர் இளைஞர் அரை மணி நேரம் பின்னறையிலேயே அமர்ந்திருந்தார். இன்னொருவர் புதிதாக வந்த தயிர் டப்பாக்களைப் பழையவற்றுக்கு முன்னால் அடுக்கியதால், பழையவை பின்னால் தங்கிக் காலாவதியாகிவிட்டன. வாடிக்கையாளர் இந்தியில் எதையோ கேட்டதும் பதில் தெரியாமல், சரக்கு வண்டியை நடைபாதையிலேயே விட்டுவிட்டு ஒளிந்துகொண்ட பெண்ணும் உண்டு. முதலாமவருக்குக் கைப்பேசியில் ஓர் அலாரம் போதுமானதாக இருந்தது. இரண்டாமவருக்குப் 'பழையது முன்னே' என்று காட்டும் ஒரு படமும் ஒரு வாரப் பழக்கமும் தேவைப்பட்டன. அந்தப் பெண்ணுக்கு, "சற்று இருங்கள், ஆளை அழைத்து வருகிறேன்" என்ற ஒரே வாக்கியத்தை இந்தியிலும் கன்னடத்திலும் மனப்பாடம் செய்வித்தோம். இவற்றுள் எதுவும் குறைபாட்டின் அளவைப் பொறுத்து அமைந்ததல்ல. அருகிலிருந்து கவனித்துச் சொல்ல ஆள் இருந்தாரா என்பதைப் பொறுத்தே அமைந்தது.

அப்படிக் கவனிப்பவரைத்தான் இத்துறையில் 'ஜாப் கோச்' என்கிறோம். முன்பெல்லாம் இத்தகைய இளைஞர்களைத் தொழிற்பயிற்சி மையத்தில் வைத்து, மெழுகுவத்தி செய்வதையும் காகிதப் பை ஒட்டுவதையும் ஆண்டுக்கணக்கில் கற்பித்து, 'தயாரான' பிறகு வேலைக்கு அனுப்பலாம் என்று காத்திருந்தார்கள். தயாராகும் நாள் பலருக்கு வரவே இல்லை. 1980களில் அமெரிக்காவில் இந்த வரிசையைத் தலைகீழாக்கினார்கள்: முதலில் வேலையில் சேர்ப்பது, பிறகு அதே இடத்தில் கற்பிப்பது. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு ஓரிடத்தில் கற்றதை வேறோர் இடத்துக்கு எடுத்துச் சென்று பொருத்திப் பார்ப்பதுதான் கடினம். மையத்தின் மேசையில் சரியாக அடுக்கியவர் கடையின் அலமாரி முன்னால் திகைத்து நிற்பார். எந்த அலமாரியில் வேலையோ அந்த அலமாரியின் முன்னாலேயே கற்றுக்கொண்டால் அந்தத் தாவல் தேவைப்படுவதில்லை.

நல்ல ஜாப் கோச், உங்கள் மகன் சேர்வதற்கு முன்பே ஒருநாள் அந்த வேலையைத் தாமே செய்து பார்ப்பார். கிடங்கிலிருந்து வண்டியில் ஏற்றுவது, அட்டைப்பெட்டியைப் பிரிப்பது, தேதி பார்ப்பது, பழையதை முன்னே இழுப்பது, காலி அட்டையை மடித்து ஓரம் சேர்ப்பது என்று வேலையைப் படிகளாகப் பிரித்து, எந்தப் படியில் உங்கள் மகனுக்கு உதவி தேவைப்படுகிறது என்பதை ஒரு தாளில் குறித்துக்கொண்டே வருவார். முதலில் வாயால் சொல்வார். பிறகு விரலால் மட்டும் காட்டுவார். அதன் பிறகு சும்மா நிற்பார். கடைசியில் அங்கிருந்து போய்விடுவார். போவதற்கு முன், அக்கடையிலேயே இயல்பாக இவனோடு ஒட்டிக்கொள்ளும் ஓர் அண்ணனையோ அக்காவையோ கண்டுபிடித்துவிட வேண்டும். அதுதான் அவருடைய வேலையில் பாதி. முதல் சில வாரங்கள் நாள்தோறும், பிறகு வாரம் ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை தொலைபேசியில் என்று அவருடைய வருகை குறையலாமே தவிர, முற்றிலும் நிற்கக் கூடாது. நன்றாகப் போய்க்கொண்டிருந்த வேலை திடீரென்று கெடுவது பெரும்பாலும் சூப்பர்வைசர் மாறும்போதுதான்; பழையவருக்குத் தெரிந்திருந்த எதுவும் புதியவருக்குச் சொல்லப்பட்டிருக்காது.

உங்கள் லிங்கராஜபுரத்திலேயே 1959ஆம் ஆண்டிலிருந்து ஏ.பி.டி. என்று மக்கள் அழைக்கும் மாற்றுத்திறனாளிகள் சங்கம் இயங்கிவருகிறது. வேலைவாய்ப்பையே முதன்மைப் பணியாகக் கொண்டு 1999இல் தொடங்கப்பட்ட எனேபிள் இந்தியாவும் பெங்களூருவில்தான் இருக்கிறது. இத்தகைய அமைப்புகளை அணுகும்போது, "வேலை வாங்கித் தருவீர்களா?" என்பதை இரண்டாவதாகக் கேளுங்கள், "சேர்ந்த பிறகு எத்தனை நாள் கூட வருவீர்கள்?" என்பதை முதலில் கேளுங்கள். நகரத்தில் மிட்டி கஃபே போன்ற, மாற்றுத்திறனாளிகளே நடத்தும் உணவகங்களையும் நீங்கள் பார்த்திருக்கலாம். அங்கே அவன் மகிழ்ச்சியாக இருப்பான் என்று தோன்றினால் தாராளமாக முயலுங்கள். ஆனால் சரக்கு அடுக்குவதில் அவனுக்கு விருப்பம் இருந்தால், கஃபேதான் இவர்களுக்கு ஏற்ற இடம் என்று யாரேனும் சொல்வதைக் கேட்டு அதை விட்டுவிட வேண்டியதில்லை.

ஜாப் கோச் உடனே அமையாவிட்டால், ஓய்வுபெற்ற அண்டை வீட்டுக்காரரோ சித்தப்பாவோ அந்தப் பொறுப்பை ஏற்கலாம். நீங்கள் மட்டும் வேண்டாம். இதைச் சொல்வதற்காக என்னைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். டிபன் பாக்ஸோடு கடை வாசலில் தாய் நிற்பதைப் பார்த்த நாளிலிருந்து உடன் வேலை செய்பவர்கள் அவனைச் சக ஊழியனாகப் பார்ப்பதை நிறுத்திவிடுவார்கள். நீங்கள் செய்யக்கூடிய பெரிய வேலை வேறொன்று இருக்கிறது: பேருந்துப் பயணம். முதல் வாரம் அவன் பக்கத்திலும், அடுத்த வாரம் நான்கு இருக்கை தள்ளியும் அமர்ந்து செல்லுங்கள். அதற்கடுத்த வாரம் அடுத்த பேருந்தில் வாருங்கள். பி.எம்.டி.சி. நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிகளுக்கான சலுகை பாஸ் உண்டு. அதை அவனே எடுத்துக் காட்டட்டும். சம்பளம் அவன் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். பயிற்சிக் காலம் முடிந்த பிறகும் 'உதவித்தொகை' என்ற பெயரில் ஏதோ ஒரு தொகையைக் கையில் கொடுப்பதை ஏற்காதீர்கள். பக்கத்தில் நின்று அதே வேலையைச் செய்பவருக்கு என்ன சம்பளமோ அதைக் கேளுங்கள்.

உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை. வீட்டில் இருப்பது பாதுகாப்பு என்று அவர் நினைப்பது புரிகிறது. ஆனால் நேரம் பார்ப்பது, பேருந்து ஏறுவது, அந்நியரிடம் பேசுவது ஆகியவை பயன்படுத்தாவிட்டால் தேய்ந்துபோகும் திறன்கள். ஓராண்டு வீட்டில் இருந்துவிட்டு நான்காவது வேலைக்குப் போவதைவிட, அடுத்த மாதமே போவது அவனுக்கு எளிது.

கேள்வி: ஒயிட்ஃபீல்டில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 14 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். வயது 38. எனக்கு 'ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா' என்ற விழித்திரை நோய் இருப்பது மூன்றாண்டுகளுக்கு முன் தெரியவந்தது. நேரே பார்ப்பது தெளிவாகத் தெரிகிறது. பக்கவாட்டில் தெரிவதில்லை, இருட்டில் நடக்க முடிவதில்லை. அலுவலகத்தில் இன்னும் யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் அனுப்பிவிடுவார்கள் என்ற அச்சம். சொல்லலாமா?
(ஒரு வாசகர், கிருஷ்ணராஜபுரம்)

பதில்: சொல்ல வேண்டும், ஆனால் இன்றைக்கே அல்ல. அதற்கு முன் மூன்று வேலைகள் இருக்கின்றன.

முதலாவது, சான்றிதழ். நேர்ப்பார்வை நன்றாக இருக்கும்போது தமக்குச் சான்றிதழ் கிடைக்காது என்று எண்ணி உங்களைப் போன்ற பலர் விண்ணப்பிப்பதே இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பார்வைக் கூர்மையை மட்டும் அளக்கச் சொல்லவில்லை. பார்வைப் புலம், அதாவது கண்ணை அசைக்காமல் பார்க்கக்கூடிய பரப்பு, 40 டிகிரிக்குக் கீழே சுருங்கி 10 டிகிரி வரை இருந்தால் அது குறைபார்வை. 10 டிகிரிக்கும் கீழே போனால், எழுத்துப் பலகையின் கடைசி வரியையே நீங்கள் படித்தாலும், சட்டத்தின் கண்ணில் அது பார்வையின்மை. உங்கள் நோய் புலத்தைத்தான் ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சுருக்கிக்கொண்டு வருகிறது. ஆகவே புலப் பரிசோதனை அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டையான யு.டி.ஐ.டி.க்கு இணையவழியில் விண்ணப்பியுங்கள். 40 சதவீதமும் அதற்கு மேலும் என்று சான்றளிக்கப்பட்டால்தான் சட்டத்தின் பெரும்பாலான பயன்கள் திறக்கும்.

இரண்டாவது, திரைவாசிப்பான்; அதாவது கணினித் திரையில் உள்ளதைக் குரலால் படித்துக் காட்டும் மென்பொருள். கண் ஒத்துழைக்கும்போதே காதால் வேலை செய்யக் கற்றுக்கொள்ளுங்கள். விண்டோஸ் கணினியில் இயங்கும் என்.வி.டி.ஏ. இலவசமானது, எக்செல் தாளில் கட்டம் கட்டமாக நகர்ந்து எண்ணையும் சூத்திரத்தையும் வாசித்துக் காட்டும். தொடக்கத்தில் அந்த வேகக் குரல் எரிச்சலூட்டும். சில மாதங்களில் பழகிவிடும். ஸ்கேன் செய்து அனுப்பப்படும் பில்கள்தான் சிக்கல், ஏனெனில் திரைவாசிப்பானுக்கு அவை வெறும் படங்கள். படத்திலுள்ள எழுத்தைப் பிரித்தெடுக்கும் எழுத்துணரி வசதி ஓரளவுக்கு உதவும். ஆயினும் எண்களைச் சரிபார்க்கும் வேலையில் 'ஓரளவு' போதாது என்பதை நீங்களே அறிவீர்கள். உங்கள் நிறுவனத்தின் கணக்கு மென்பொருளில் எந்தத் திரைகள் பேசுகின்றன, எவை ஊமையாக நிற்கின்றன என்று வீட்டில் அமர்ந்து ஒரு பட்டியல் எழுதுங்கள். பிறகு அந்தப் பட்டியல்தான் உங்கள் விண்ணப்பத்தின் முதுகெலும்பாக அமையும். வெள்ளைக் கோலோடு நடக்கும் பயிற்சியையும் இப்போதே தொடங்கிவிடுங்கள். மாலை ஆறரைக்கு மேல் ஒயிட்ஃபீல்டு நடைபாதைகளில் கண் தெரிந்தவர்களே தடுக்கி விழுகிறார்கள்.

மூன்றாவது, உங்கள் நிறுவனத்தின் சமவாய்ப்புக் கொள்கையைத் தேடிப் படிப்பது. சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி, தனியார் நிறுவனங்கள் உட்பட ஒவ்வொரு நிறுவனமும் இக்கொள்கையை வெளியிட வேண்டும். 20 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள தனியார் நிறுவனம், மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற பணியிடங்கள், தரப்படும் வசதிகள், பொறுப்பான தொடர்பு அலுவலர் ஆகிய விவரங்களையும் அதில் குறிப்பிட வேண்டும். பல நிறுவனங்களில் அது வலைத்தளத்தின் ஒரு மூலையில் யாரும் படிக்காமல் கிடக்கும். நீங்கள் படியுங்கள், உங்கள் கடிதத்தில் அதன் சொற்களையே எடுத்தாளுங்கள்.

இனி அச்சத்துக்கு வருவோம். அரசு ஊழியராக இருந்தால் உங்களுக்கு இரும்புக் கவசம் ஒன்று இருந்திருக்கும். பணிக்காலத்தில் குறைபாடு ஏற்பட்டவரை நீக்கவோ தரம் இறக்கவோ கூடாது. பழைய பணி இயலாவிட்டால் அதே சம்பள விகிதத்தில் வேறு பணி தர வேண்டும். அதுவும் இல்லையென்றால் உபரிப் பணியிடம் உருவாக்கி வைத்திருக்க வேண்டும் என்று 20ஆம் பிரிவு சொல்கிறது. இதற்கு முந்தைய 1995ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இப்பாதுகாப்பு இருந்தது. காலை இழந்ததால் வீட்டுக்கு அனுப்பப்பட்ட குணால் சிங் என்ற காவலருக்கு 2003இல் உச்ச நீதிமன்றம் அதன்படியே நிவாரணம் அளித்தது. தனியார் ஊழியருக்கு இவ்வளவு தெளிவான கவசத்தைச் சட்டம் தரவில்லை என்பதை மறைப்பதில் பயனில்லை. ஆயினும் குறைபாட்டை முன்னிட்டுப் பாகுபாடு காட்டலாகாது என்ற பொதுவிதியும், சமவாய்ப்புக் கொள்கையும், மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் முறையிடும் வழியும் உங்களுக்கு உண்டு. சட்டம் பயன்படுத்தும் மையமான கருத்து 'நியாயமான மாற்றேற்பாடு' என்பது; அதாவது நிறுவனத்தின் மீது அளவுக்கு மீறிய சுமையை ஏற்றாமல், ஒருவர் மற்றவர்களைப் போலவே வேலை செய்வதற்குத் தேவையான மாற்றங்களைச் செய்து தருவது.

ஆகவே எச்.ஆர். அறைக்குள் நுழையும்போது நோயின் வரலாற்றைச் சொல்லாதீர்கள், தேவைகளைச் சொல்லுங்கள். கடிதம் ஏறக்குறைய இப்படி இருக்கலாம்: "என் பார்வைப் புலம் சுருங்கிவருகிறது, சான்றிதழ் இணைத்துள்ளேன். என் பணியைத் தொடர எனக்குத் தேவைப்படுபவை: என் கணினியில் என்.வி.டி.ஏ. நிறுவ ஐ.டி. பிரிவின் அனுமதி; பில்களை ஸ்கேன் படமாக அன்றி மூலக் கோப்பாக அனுப்பும் ஏற்பாடு; இருட்டுவதற்குமுன் வீடு திரும்பும்படி காலை எட்டு மணிக்குப் பணி தொடங்கும் வசதி. ஸ்கேன் பில்களை ஒப்பிடும் பணியைச் சக ஊழியர் ஒருவர் ஏற்றால், ஜி.எஸ்.டி. சமர்ப்பிப்பில் கூடுதல் பொறுப்பை நான் ஏற்கிறேன்." கடைசி வரியைக் கவனியுங்கள். ஒன்றைக் கைமாற்றும்போது இன்னொன்றை எடுத்துக்கொள்வதாகச் சொன்னால், பக்கத்து இருக்கைக்காரர் உங்களுக்கு எதிரியாக மாட்டார். வாய்மொழியாகப் பேசினாலும் அன்று மாலையே மின்னஞ்சலில் அதை எழுதி அனுப்பிவிடுங்கள். கணக்கில் பிழை நேரும்வரை காத்திருக்க வேண்டாம். பிழை நேர்ந்த பின் சொன்னால் அதைச் சாக்காகவே கேட்பார்கள்.

வருமான வரியைப் பற்றிக் கேட்கவில்லை. இருந்தாலும் கணக்குக்காரரிடம் சொல்லாமல் விடுவானேன். பழைய வரி முறையில், 40 சதவீதக் குறைபாட்டுக்கு 75,000 ரூபாயும் 80 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் 1,25,000 ரூபாயும் கழிவு உண்டு. புதிய முறையில் அக்கழிவு இல்லை. ஆனால் பார்வையற்ற ஊழியருக்கு நிறுவனம் போக்குவரத்துப் படி தந்தால், அதற்கு ஒரு வரம்பு வரையிலான விலக்கு இரண்டு முறைகளிலும் உண்டு.

கேள்வி: எனக்கு வலப்புறக் கை, கால் இயக்கக் குறைபாடு 60 சதவீதம். சான்றிதழ் தருமபுரி மாவட்டத்தில் வாங்கியது. இப்போது குடும்பத்தோடு பெங்களூருவில் இருக்கிறேன். அந்தச் சான்றிதழ் இங்கே செல்லுமா? அரசுத் தேர்வுகள் எழுதலாமா?
(ஒரு பட்டதாரி, ஸ்ரீராமபுரம்)

பதில்: செல்லும். 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி வழங்கப்பட்ட சான்றிதழ் நாடு முழுவதும் செல்லுபடியாகும். மத்திய அரசு நேரடி நியமனங்களில் 4 சதவீத இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் 1 சதவீதம் உங்கள் பிரிவுக்கு. வயது வரம்பில் 10 ஆண்டுத் தளர்வும் உண்டு. வலக்கையால் எழுத முடியாவிட்டால் நீங்கள் சொல்வதை எழுதித் தரும் உதவியாளர் ஒருவரையும், மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் நேரத்தையும் கேட்கலாம். ஆனால் விண்ணப்பத்திலேயே கேட்டாக வேண்டும், தேர்வன்று காலையில் கேட்டால் நடக்காது. கர்நாடக மாநில அரசுப் பணிகளுக்கு இருப்பிடம், கன்னட மொழி ஆகியவை பற்றி அந்தந்த அறிவிக்கையில் உள்ள நிபந்தனைகளைத் தனியே பாருங்கள். இன்னொன்று: இங்குள்ள அலுவலகங்களில் 'மாற்றுத்திறனாளி' என்ற சொல்லைத் தேடாதீர்கள். கன்னடப் பலகைகளில் 'விகலசேதனரு' என்றும், மத்திய அரசுப் படிவங்களில் 'திவ்யாங்ஜன்' என்றும் இருக்கும். சேலத்திலிருந்து வந்த ஒருவர் சரியான கதவின் முன்னாலேயே அரை நாள் நின்றதை நான் அறிவேன்.

கேள்வி: பீன்யாவில் 35 பேர் வேலை செய்யும் இயந்திர உதிரிபாகத் தொழிற்சாலை நடத்துகிறேன். காது கேளாத, பேச இயலாத இரண்டு இளைஞர்களைச் சேர்க்க விரும்புகிறேன். பாதுகாப்புப் பற்றி என் ஃபோர்மேன் தயங்குகிறார். முன்பு ஒருமுறை இப்படிச் சேர்த்த ஒருவர் ஐந்து மாதத்தில் சொல்லாமலே நின்றுவிட்டார். என்ன செய்ய வேண்டும்?
(ஒரு தொழில்முனைவர், பீன்யா)

பதில்: ஐயா, ஃபோர்மேன் தயங்குவதை மதிக்கிறேன், பாதுகாப்பைப் பற்றிக் கேட்காத ஃபோர்மேனைத்தான் நான் நம்பமாட்டேன். அவரோடு சேர்ந்து தொழிற்கூடத்தை ஒருமுறை காதைப் பொத்திக்கொண்டு சுற்றி வாருங்கள். எங்கெல்லாம் ஒலி மட்டுமே எச்சரிக்கையாக இருக்கிறதோ அங்கெல்லாம் ஒளியும் வேண்டும்: தீ எச்சரிக்கை மணியோடு பளிச்சிடும் விளக்கு, கழிப்பறையிலும் அதே விளக்கு, பின்னோக்கி வரும் ஃபோர்க்லிஃப்டுக்கு முன் தரையில் விழும் ஒளிப்பொட்டு, மூலைகளில் குவியாடி. அவசரத்தில் இவர்களைத் தோளில் தட்டி வெளியே அழைத்துச் செல்ல ஒவ்வொரு ஷிஃப்டிலும் இருவர் பொறுப்பேற்க வேண்டும்; ஒருவர் போதாது, அவர் விடுப்பில் இருக்கும் நாளில்தான் தீப்பிடிக்கும். இயந்திரம் தவறாக ஓடுவதைச் சத்தத்தால் மட்டுமே கண்டுபிடிக்கிற வேலையாக இருந்தால், அந்த இயந்திரத்தை விட்டு வேறொன்றைக் கொடுங்கள்.

பேச்சைப் பற்றிப் பலருக்கு இரண்டு தவறான எண்ணங்கள் உண்டு. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள் என்பது முதலாவது. கண்ணாடி முன் நின்று ஒலி எழுப்பாமல் "பாடு" என்றும் "மாடு" என்றும் சொல்லிப் பாருங்கள். உதட்டில் இரண்டும் ஒன்றே. எழுதிக் காட்டினால் போதும் என்பது இரண்டாவது. சைகை மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவருக்குத் தமிழும் கன்னடமும் ஆங்கிலமும் பிற்பாடு கற்ற மொழிகள். நீண்ட வாக்கியங்களால் எழுதிய செய்முறைத்தாள் பலருக்கு உதவாது. சரியாகச் செய்த உதிரிபாகம் ஒன்று, தவறாகச் செய்தது ஒன்று, இரண்டின் படங்கள், செய்து காட்டும் ஒரு சிறு காணொளி ஆகியவை உதவும். நேர்முகத்துக்குச் சைகை மொழிபெயர்ப்பாளரை அழையுங்கள். அதோடு பத்து நிமிடம் வேலையையே செய்யச் சொல்லிப் பாருங்கள். ஃபோர்மேனும் பக்கத்து இயந்திரக்காரர்களும் அன்றாடம் தேவைப்படும் நாற்பது சைகைகளைக் கற்றால் போதும். டெல்லியிலுள்ள இந்தியச் சைகை மொழி ஆய்வு, பயிற்சி மையம் 10,000 சொற்கள் கொண்ட அகராதியைக் காணொளிகளாக இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. பட்டறைக்கே உரிய சொற்களுக்கு அந்த இளைஞர்களே சைகை உருவாக்கிக் கற்றுத் தருவார்கள். அப்படிக் கற்றுத் தரும் நாளிலிருந்து உங்கள் ஆட்களோடு அவர்களுடைய உறவு மாறிவிடும். அவர்கள் விடுப்புச் சொல்ல வாட்ஸ்அப் காணொளி அழைப்பை ஏற்றுக்கொள்ளுங்கள்.

முன்பு வந்தவர் ஏன் நின்றார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஊகிக்க முடிகிறது. ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கிடைத்தது என்று சொல்வார்கள். பெரும்பாலும் அதற்கடியில் இருப்பது வேறு. சாப்பாட்டு மேசையில் எல்லோரும் சிரிக்கும்போது எதற்கென்று தெரியாமல் ஐந்து மாதம் உட்கார்ந்திருப்பது எளிதன்று. தீபாவளி போனஸ் எப்போது, சனிக்கிழமை ஓவர்டைம் உண்டா என்பவையெல்லாம் பட்டறைகளில் வாய்வழியாகப் பரவும் செய்திகள். கேளாதவருக்கு அவை வந்து சேர்வதே இல்லை. பக்கத்தில் நின்றவர் சீனியர் ஆபரேட்டர் ஆகிறார், இவர் அதே இயந்திரத்தில் நிற்கிறார். இருவரைச் சேர்க்க நினைப்பது நல்ல முடிவு. ஆனால் ஒருவருக்கொருவர் துணையாக இருந்துகொள்ளட்டும் என்று அவர்களை ஓர் ஓரத்தில் விட்டுவிட்டால் பழைய கதைதான். மாதம் ஒருமுறை, மொழிபெயர்ப்பாளரைக் காணொளியில் வைத்துக்கொண்டு, அரை மணி நேரம் அவர்களிடம் கேளுங்கள்.

35 பேர் இருப்பதால் மேலே சொன்ன சமவாய்ப்புக் கொள்கையும் தொடர்பு அலுவலரும் உங்களுக்கும் பொருந்தும். ஊழியர் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் இருப்பதற்கான சம்பள வரம்பு மற்றவர்களுக்கு மாதம் 21,000 ரூபாய். மாற்றுத்திறனாளி ஊழியர்களுக்கு 25,000. சம்பளம் உயர்ந்தால் இ.எஸ்.ஐ. போய்விடும் என்று சொல்லி அவர்களின் சம்பளத்தை 21,000இல் நிறுத்தி வைக்கும் வழக்கத்தைச் சில இடங்களில் பார்த்திருக்கிறேன், அதற்கு அவசியமில்லை.

கேள்வி: என் தங்கைக்கு 31 வயது. மனநோய்க்காகச் சிகிச்சை பெற்று ஒன்றரை ஆண்டாக நன்றாக இருக்கிறாள். மறுபடி வேலைக்குப் போக விரும்புகிறாள். மருந்தால் காலையில் எழ முடிவதில்லை. வேலை கொடுப்பவரிடம் நோயைச் சொல்ல வேண்டுமா? இன்னும் ஆறு மாதம் ஓய்வெடுக்கட்டும் என்கிறார்கள் உறவினர்கள்.
(ஒரு வாசகி, அல்சூர்)

பதில்: ஓய்வைப் பற்றி முதலில். முழுக்கக் குணமாகிப் பயிற்சியெல்லாம் முடித்த பிறகே வேலை என்ற எண்ணத்தை 1990களில் அமெரிக்காவில் சோதித்துப் பார்த்தார்கள். விருப்பம் உள்ளவரை நேரடியாக வழக்கமான வேலையில் சேர்த்து, சிகிச்சைக் குழுவோடு இணைந்த ஒருவர் தொடர்ந்து துணை நின்றபோது, பயிற்சிக்காகக் காத்திருந்தவர்களைவிட அதிகமானோர் வேலையில் அமர்ந்தார்கள். ஆகவே உறவினர்களின் கருத்தைவிட உங்கள் தங்கையின் விருப்பமும் அவருடைய மருத்துவரின் கருத்துமே முக்கியம். பெங்களூருவிலுள்ள தேசிய மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸில் மனநல மறுவாழ்வுக்கென்றே தனித்துறை இருக்கிறது. வேறிடத்தில் சிகிச்சை பெற்றிருந்தாலும் அங்கே கேட்டுப் பார்க்கலாம். இரவு மருந்தை இன்னும் முன்னதாக எடுத்துக்கொள்ளலாமா என்பதையும் மருத்துவரிடம் கேளுங்கள். பாதிச் சிக்கல் அதிலேயே தீர்ந்துவிடக்கூடும். தாமாக மருந்தைக் குறைப்பதோ நிறுத்துவதோ கூடவே கூடாது. வேலைக்குச் சேர்ந்த முதல் மாத உற்சாகத்தில்தான் அந்தத் தவறு நிகழ்கிறது.

சொல்வதா வேண்டாமா என்பதற்கு எல்லோருக்கும் பொருந்தும் விடை இல்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை விவரங்கள் இரகசியமாகக் காக்கப்படுவதை அவருடைய உரிமையாகச் சொல்கிறது; மருத்துவமனை அவருடைய அனுமதியின்றி அலுவலகத்துக்குச் சொல்லலாகாது. எந்த ஏற்பாடும் தேவைப்படாத வேலை என்றால் அவராகச் சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. ஆனால் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21 வகைகளில் மனநோயும் ஒன்று. மாற்றேற்பாட்டை உரிமையாகக் கேட்க வேண்டுமென்றால் ஏதோ ஓரளவுக்குச் சொல்லியே ஆக வேண்டும். நான் பார்த்தவரையில் சிறப்பாக நடந்த வழி, நேர்முகத்தின்போது சொல்லாமல், பணி நியமனக் கடிதம் கைக்கு வந்த பிறகு, சேரும் தேதியைப் பேசும்போது, எச்.ஆர்.இல் ஒருவரிடம் மட்டும் சொல்வது. என்ன நோய் என்பதைவிட என்ன வேண்டும் என்பதையே சொல்லட்டும்: காலை பத்தரைக்குத் தொடக்கம், இரவு ஷிஃப்ட் வேண்டாம், மாதம் ஒருநாள் மருத்துவரைப் பார்க்க விடுப்பு. இந்த ஊரில் இரவு ஷிஃப்ட் உள்ள வேலைகள் சம்பளத்தைக் காட்டி இழுக்கும். தூக்கம் கெடுவது இந்நோய்கள் திரும்புவதற்கு நன்கு அறியப்பட்ட வழி என்பதால், அந்த ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

மருத்துவர் தரும் கடிதத்தில் நோயின் பெயர் இருக்க வேண்டியதில்லை. "தொடர் சிகிச்சையில் உள்ளார், பணி செய்யத் தகுதியுடையவர், இரவுப் பணி தவிர்க்கப்பட வேண்டும், பணி நேரம் காலை 10.30க்குப் பிறகு தொடங்குவது நல்லது" என்று மட்டும் எழுதித் தரும்படி கேளுங்கள். பெரும்பாலான மருத்துவர்கள் மறுப்பதில்லை.